குலுக்கக் கூடாத மருந்து

பெயிண்ட் கம்பெனியில் அவரை எல்லாரும் 'நுரை' என்றுதான் கூப்பிடுவார்கள். கலவைத் தொட்டியில் நுரை கிளம்பிவிட்டது என்று காதில் விழுந்தால் போதும், சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் ஓடி வருவார் மனுஷன். நுரை அடங்காத பெயிண்டை அடித்தால் சுவர் முழுக்கக் குழி குழியாக விழுமே! அது அவருக்கு மானப் பிரச்சினை.

தண்ணீர் மேல் அப்படி ஒரு மரியாதை அவருக்கு. யாராவது சிக்கினால் விடமாட்டார். "தண்ணிய லேசா நினைக்காதீங்கப்பா. அதுல இருக்கிற ஒவ்வொரு மூலக்கூறும் பக்கத்துல இருக்கிறதைக் கெட்டியாப் பிடிச்சுக்கும். மேல் ஓரத்துல நிக்கிறதுக்கு மட்டும் மேல பிடிக்க ஆள் கிடையாது. அதனால உள்பக்கமாவே இழுபடும். எண்ணெய்ப் பிசுக்கு உள்ள தகரத்துல ஒரு சொட்டு விட்டுப் பாருங்க, பரவாம உருண்டு உக்காந்துக்கும். என்னா பிடிவாதம்!"

அந்தப் பிடியைத் தளர்த்துவதுதான் அவர் வேலை. சோப்புக்குச் சொந்தக்கார மருந்து ஒன்றைத் தொட்டியில் கொஞ்சம் ஊற்றுவார். பெயிண்ட் சமர்த்தாகப் பரவும். கூடவே நுரையும் பொங்கும், தலைவலியும் வரும்.

அப்பேர்ப்பட்டவர் இப்போது ஆஸ்பத்திரியில் கண்ணாடிச் சுவரில் மூக்கு அழுந்த நிற்கிறார். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் தவம் கிடந்து பிறந்த மகள், இரண்டு மாசம் முந்திக்கொண்டு வந்துவிட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு கைக்குள் அடங்கிவிடும் அளவுக்குக் கிடக்கிறாள். மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே பள்ளம் விழுகிறது. விடும்போது ஒரு முனகல். ஆபரேஷன் ஆன மனைவி மாடியில் எழுந்திருக்க முடியாமல் படுத்திருக்கிறாள்.

டாக்டரம்மா வெளியே வந்து நிதானமாகச் சொன்னார். "நுரையீரல் முழுக்கக் குட்டிக் குட்டிக் காத்துப் பைங்க சார். உள்ள ஈரமா இருக்கும். அந்த ஈரம் ஒண்ணை ஒண்ணு இழுத்துப் பையை மூடப் பாக்கும். அந்த இழுப்பைத் தளர்த்த நம்ம உடம்பே ஒரு வழவழப்பை ஊற வைக்கும். மாசம் ஆகாததால இவளுக்கு அது ஊறலை. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒட்டின பையைப் புதுசா பிரிக்கிறா. ரொம்ப நேரம் தாங்கமாட்டா. அதனால அதையே மருந்தா, மெல்லிசான குழாய் வழியா விடப்போறோம்."

நுரை மறுபடி கண்ணாடி வழியே மகளைப் பார்த்தார். இத்தனை வருஷம் ஊரெல்லாம் மெச்சிக்கொண்டு திரிந்த அதே பிடி, இப்போது பெற்ற பிள்ளையின் கழுத்தில். பாழாய்ப் போன தண்ணீர்! அடுத்த நொடி அவர் பெயிண்ட் மூளை விழித்துக்கொண்டது.

"இழுப்பைத் தளர்த்துற மருந்தா? ஐயோ, நுரைக்குமே!" தாழ்வாரமே திரும்பிப் பார்த்தது. "விடாதீங்க டாக்டரம்மா! தொட்டியில நான் பாக்காததா? பொங்கிடும். பச்சைப் பிள்ளை நெஞ்சு தாங்குமா?" கதவை மறித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

வேறு யாராவது என்றால் ஆளைக் கூப்பிட்டு வெளியே தள்ளியிருப்பார்கள். டாக்டரம்மா அவர் முழங்கையைத் தொட்டு, "உள்ள பாருங்க சார்," என்றார்.

உள்ளே நர்ஸ் ஒரு சின்னக் குப்பியை உள்ளங்கைக்குள் பொத்தி வைத்திருந்தார். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சி போகக் கைச்சூடு. அப்புறம் தூங்கும் குழந்தையைப் புரட்டுவதுபோல அவ்வளவு மெதுவாகத் தலைகீழாகச் சாய்த்தார், மறுபடி நிமிர்த்தினார். ஒரு குலுக்கல் இல்லை.

"அதைக் குலுக்கவே கூடாது. நீங்க சொல்ற அதே நுரைக்குப் பயந்துதான்," என்றார் டாக்டரம்மா. "ரெண்டு மூணு நாள்ல அவளே சொந்தமா ஊற வச்சுக்க ஆரம்பிச்சுடுவா. அதுவரைக்கும் இது பாத்துக்கும்."

எத்தனை பேரல்களைப் பார்த்தவர் அவர்! இப்படி ஒரு கையைப் பார்த்ததில்லை. பேரல் பேரலாக மருந்தைக் காசு கொடுத்து வாங்கிக் கொட்டிச் செய்கிற வேலையை, தன் நெஞ்சுக்கூடு பிறந்ததிலிருந்து சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறதா? ஒரு நாளாவது அதை நினைத்துப் பார்த்திருப்போமா? அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கதவை விட்டு நகர்ந்தார்.

பால் நிறத்தில் மருந்து குழாயில் இறங்கியது. பெட்டிக்குப் பக்கத்துத் திரையில் அவள் ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் எண் சட்டென்று சரிந்தது. இவருக்கு உயிரே போய்விட்டது. நர்ஸ் அசரவில்லை. கொஞ்ச நேரத்தில் எண் நின்றது, தயங்கியது, ஏற ஆரம்பித்தது. விலாப் பள்ளம் ஆழம் குறைந்துகொண்டே வந்தது. திடீரென்று முனகலும் நின்றது.

"சத்தத்தைக் காணோமே!" என்று பதறினார்.

"பை மூடிடாம இருக்கத்தான் முனகினா. இனிமே அதுக்கு அவசியம் இல்லை சார், அதான்," என்றார் டாக்டரம்மா.

மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். கண்ணீரும் கம்பலையுமாக வந்து நின்ற புருஷனைப் பார்த்ததும் மனைவியின் முகம் வெளிறிப்போனது. போர்வையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"என்னங்க? எதுவானாலும் சொல்லிடுங்க."

அவர் கட்டிலில் உட்கார்ந்து, அவள் கையைப் போர்வையிலிருந்து பிரித்தெடுத்துத் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார். மெதுவாக மூச்சை இழுத்தார், விட்டார்.

"இப்படித்தான் விடுறா," என்றார்.

அவள் கையை எடுக்கவே இல்லை.