பன்றிக் குழியில் வாங்கிய உறை

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் பங்களாக்காரர்களுக்குக் கள்ளிச்சொட்டுப் போலக் கெட்டிப் பால் வேண்டும். மாடு மட்டும் கண்ணில் படக்கூடாது. முப்பத்தாறாம் வருஷம், ஐந்தருவிப் பாதையில் இருந்த என் தொழுவத்துக் கழிநீர் வாய்க்காலில் கலக்கிறது என்று மனுக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த தோப்பில் துரைமார்களுக்காகப் பன்றி வளர்த்த அய்யாக்குட்டியின் பட்டியையும் அதே மனுவில் சேர்த்திருந்தார்கள். ஆனி முடிவதற்குள் சானிட்டரி இன்ஸ்பெக்டர் வருவார். அழுக்குத் தண்ணீர் வெளியேறினால் இரண்டையும் காலி செய்யவேண்டும். பால் வியாபாரம் போனால் என் வீட்டில் அடுப்பு எரியாது.

வந்த கோபத்தில் மண்வெட்டியை எடுத்தேன். தொழுவத்துக்குக் கீழே குழி வெட்டினேன். சாணியும் மூத்திரமும் கழுவின தண்ணீரும் அதில் விழும். வைக்கோல் சக்கை மேலே ஆடை கட்டும். அடியில் ஊறுவது புளித்துக் குமிழ் விட்டுக்கொண்டே கிடக்கும். அங்கிருந்து கோரை நட்ட பள்ளத்தில் கசிந்து, கடைசிக் குட்டையில் தெளிந்து நிற்கும். அதில் தவளை முட்டையிட்ட அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதைப் பார்த்து அய்யாக்குட்டியும் வெட்டிக்கொண்டான். பன்றிச் சாணத்தில் சக்கை இல்லை, ஆடை கட்டாது, நாற்றம் மூக்கை அறுக்கும். ஆனாலும் அவன் குழி என்னுடையதைவிட வேகமாகக் குமிழ் விட்டது. எனக்குப் பொறாமைதான்.

அப்போதுதான் ஆய்க்குடியிலிருந்து என் புருஷனின் அக்கா சங்கரம்மாள் வந்து சேர்ந்தாள். சுத்தம் என்றால் அவளுக்கு உயிர். நான் பால் ஊற்றப் போயிருந்த நேரத்தில் ஒரு டின் பினாயிலைக் குழியில் கவிழ்த்துவிட்டாள்.

"வாரவர் மூக்கைப் பிடிக்கக் கூடாதுல்லா? மணக்கட்டும்னு ஊத்துனேன்" என்றாள் பெருமையாக.

மறுநாளே குமிழ் நின்றுவிட்டது. கோரைக்குக் கறுப்புத் தண்ணீர் இறங்கியது. தவளைகளைக் காணோம். நான் கத்தினேன், பிறகு அழுதேன்.

சாயங்காலம் பாலுக்கு உறை ஊற்றும்போது பொறி தட்டியது. தயிர் கெட்டுப்போனால் நாங்கள் என்ன செய்வோம்? பானையைக் கழுவிவிட்டு, பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி மோர் வாங்கி உறை ஊற்றுவோம். செத்த குழிக்கும் உயிருள்ள குழியின் சேறு வேண்டும். உயிருள்ள குழி ஊரிலேயே ஒன்றுதான் இருந்தது.

"ஏட்டி குருவம்மா, கோமாதா சாணியில பன்னிச் சேத்தையா கலக்கப் போற? வெளங்குமா?"

"நீங்க பினாயில் ஊத்துனப்போ கோமாதா ஒண்ணும் சொல்லலியே மதினி. இதுக்கும் சொல்லமாட்டா."

பினாயில் தண்ணீரை முழுக்க இறைத்துப் பொட்டலில் கொட்டினேன். அய்யாக்குட்டி குடம் குடமாகச் சேற்றை வேலியோரம் கொண்டுவந்தான். "எம் பன்னிக்கு வந்த மவுசைப் பாருங்க தாயி!" என்று சிரித்தான். புதுச்சாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிட்டேன். பல நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு காலையில் ஆடை விலகி ஒரு குமிழ் வந்தது. பின்னாலேயே இன்னொன்று. நான் போட்ட கூச்சலில், அருவிக்குப் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

இன்ஸ்பெக்டர் சிவசைலம் வந்தபோது, மூக்கில் கைக்குட்டையோடு பங்களாக்காரர்களும் வந்தார்கள். அவர் குட்டைத் தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் மொண்டு வெயிலில் பிடித்தார். தெளிந்த தண்ணீர், உள்ளே ஒரு தலைப்பிரட்டை வாலாட்டியது. கைக்குட்டைகள் மெல்லக் கீழே இறங்கின.

"என்ன மருந்தும்மா போட்டீங்க?"

சொல்லாதே என்று மதினி கண்ணைக் காட்டினாள். நான் எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன்:

"அய்யாக்குட்டி பன்னிக் குழிச் சேறு. அது இல்லன்னா இந்தத் தண்ணி இல்ல. அவரு பட்டியைத் தூக்கணும்னா என் தொழுவத்தையும் சேத்துத் தூக்குங்க."

அவர் தோப்புக்குப் போய் அய்யாக்குட்டியின் குட்டையிலும் மொண்டு பார்த்தார். அங்கும் தெளிவுதான்.

"ரெண்டும் இங்கனயே இருக்கட்டும்" என்றார். நாங்கள் ஜெயித்துவிட்டோம்!

அந்த வாரமே என் செவலைப் பசு கன்று போட்டது. எங்களில் முதல் சீம்பால் உறவுக்காரர் வீட்டுக்குத்தான் போகும். செம்பை நிரப்பிவிட்டு யாருக்கு என்று யோசிப்பதற்குள் மதினி அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வேலியைத் தாண்டிப் போனாள். அதுவரை அவனைப் 'பன்னிக்காரன்' என்றே சொல்லிவந்தவள், பாதையில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கூப்பிட்டாள்:

"அண்ணாச்சி! சீம்பால் கொண்டாந்திருக்கேன், வாங்கிக்கிடுங்க!"