ஜவ்பரின் பெயர் இருந்த இடம்

1

இந்தக் கதை கிடைத்த விதத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: எட்டிப் பார்த்தேன். ருவான்வெல்லையில் ஏறிய பஸ்ஸில், பக்கத்து சீட்டுப் பெண் மடியில் லேப்டொப்பை வைத்துக்கொண்டு ஒரு ஆளின் பெயரை அடிப்பதும் அழிப்பதுமாக இருந்தாள். அவிசாவளை வரை வேறு ஒரு எழுத்துகூட மாறவில்லை. மேலே இருந்த ஆங்கிலத் தலைப்பில் எனக்குப் புரிந்த ஒரே சொல் ரப்பர். ஒரு பெயருக்கு இத்தனை பாடா என்று தோன்றியது. மீதியை நானே கட்டினேன். ஆகவே இதில் யாரையும் முழுசாக நம்பிவிடாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான்.

2

முதல் ஆரம்பம்: "மலைச்சரிவில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்த விடியலில் கோகிலா..."

வேண்டாம். தோட்டத்துக் கதை என்றதும் மூடுபனியை இறக்கிவிடும் கை எனக்கும் இருக்கிறது.

இரண்டாவது: "கோகிலா ஒரு கள்ளனைக் கண்டுபிடித்தாள்."

வேகமான வரிதான். ஆனால் கள்ளன் யார் என்று எழுதும் எனக்கே தெரியாதபோது இப்படித் தொடங்குவது, பொண்ணு பார்க்குமுன் பந்தல் போடுகிற வேலை. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

3

கோகிலா ருவான்வெல்லைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். இப்போது கொழும்புக் கெம்பஸ் ஒன்றில் ஆராய்ச்சி மாணவி. அவள் கட்டுரை சொல்வது இதுதான்: அவர்கள் தோட்டத்து மரப்பாலில் வார்த்த ரப்பர் தாள், ஒன்றும் கலக்காமலே, வெளியில் வாங்கிய பாலில் வார்த்த தாளைவிட அதிகம் இழுவை தாங்குகிறது. தோட்டத்தில் பால் வெட்டும் அண்ணி ஷாமிளா கேனில் நிறைத்துக் கொடுப்பாள். கோகிலா அதை பஸ்ஸில் தூக்கி வந்து தாளாக வார்ப்பாள். தாளை மெஷினில் மாட்டி இழுத்துப் பார்ப்பவன் ஜவ்பர். மாவனெல்லைக்காரன், அதே ஆய்வுகூடத்தில் சீனியர். கட்டுரையில் இரண்டாவது பெயர் அவனுடையது.

வெளிநாட்டுப் பொருளறிவியல் சஞ்சிகை ஒன்றின் சிறப்பிதழுக்கு வெள்ளிக்கிழமைக்குள் கட்டுரை போக வேண்டும். போனால்தான் கோகிலாவின் உதவிப்பணம் இன்னொரு வருடம் நீளும். வரைபடங்களை ஒழுங்காக்கி, உசாத்துணைகளைச் சஞ்சிகை கேட்ட முறைக்கு மாற்றிக்கொண்டிருந்தபோதுதான் ஜவ்பர் பக்கத்தில் வந்து நின்றான்.

"கோகிலா, இது கூடிப்போச்சி. சும்மா பாலுக்கு இவ்வளவு தாங்காது. பால்ல என்னமோ ஈக்கிது."

"நான் எதையோ கலந்தேன்னு சொல்றீங்களா?"

"அப்பிடிச் சொல்லல்ல. ஒரு தாள எரிச்சிப் பாப்பம்."

சுத்தமான ரப்பரை உலையில் எரித்தால் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. இதில் வெள்ளைச் சாம்பல் மிஞ்சியது. ஜவ்பர் அதை ஒரு காகிதத்தில் மடித்து அவள் கையில் கொடுத்தான்.

"இது என்னண்டு தெரியாம அனுப்ப ஏலாது."

கோகிலா அதைப் பைக்குள் போட்டாள். அதே சிறப்பிதழுக்கு ஜவ்பரும் தனியாக ஒரு கட்டுரை அனுப்புகிறான் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. சந்தேகம் வந்துவிட்டால் எதிராளி தும்மினாலும் காரணம் தேடுவோம். உலைக்குப் பக்கத்தில் தனியாக நின்றவன் அவன்தானே? தாளோடு எதையாவது தூவியிருந்தால் யார் கண்டது? நேராக மேற்பார்வைப் பேராசிரியையிடம் போனாள்.

"அவருதான் போட்டிருக்கணும் மேடம். என் பேப்பர் போகக் கூடாதுன்னு."

மேடத்துக்குக் கட்டுரை போனால் போதும். ஜவ்பரின் பெயரை எடுத்துவிடச் சொன்னார். கோகிலா எடுத்தாள். ஜவ்பர் சண்டைக்கு வரவில்லை. மறுநாள் மேசையை வேறு அறைக்கு மாற்றிக்கொண்டான்.

(இந்த இடத்தில் எனக்குக் கோகிலாவைப் பிடிக்கவில்லை. அவளை ஜவ்பரிடம் ஒரு வார்த்தை கேட்க வைக்கலாமா என்று ஒரு பத்தி எழுதினேன். "அவள் அவன் அறை வாசலில் போய் நின்று..." போய் நிற்கவில்லை. அழித்துவிட்டேன்.)

4

கெடு வெள்ளிக்கு முந்திய சனிக்கிழமை கோகிலா வீட்டுக்கு வந்தாள். சோற்றுப் பெட்டியைக் கழுவ அவள் பையைத் திறந்த ஷாமிளா, மடித்த காகிதத்தைக் கண்டு பிரித்தாள். ஒரு சிட்டிகை எடுத்தாள், கண்ணை மூடினாள், தன் நெற்றியில் இட்டாள். பிறகு வந்து கோகிலாவின் நெற்றியிலும் இழுத்துவிட்டாள்.

"எந்தக் கோயில் துன்னூறு புள்ள?"

"ஐயோ அண்ணி, அது துன்னூறு இல்லீங்க."

"பேப்பர்ல மடிச்சி வச்சிருக்க. நம்ம முனியாண்டி கோயில் துன்னூறு மாதிரியேதான இருக்கு. நான் ஒன் பால்ல போடுறது."

கோகிலா லேப்டொப்பிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"என்னா போடுறீங்க?"

"துன்னூறுதான். வருஷத்துல மொத வெட்டு அன்னைக்கு கத்திக்கும் வாளிக்கும் பூசுறோமில்ல. ஒனக்குக் குடுக்குற பாலு மட்டும் சும்மா போகலாமா? ஒவ்வொரு வாட்டியும் ஒரு பொட்டலம் போட்டுத்தான் மூடுவேன்."

"முழுப் பொட்டலமுமா?"

"சாமி காரியத்துல கிள்ளியா போடுவாங்க? நீ நல்லா வரணும்னுதான்."

கோகிலாவுக்குக் கோபப்பட ஆளில்லாமல் போயிற்று. ஜவ்பரைச் சந்தேகித்தவள் இவளை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. வெட்கம் முகத்தில் ஏறியது. நெற்றியைத் துடைக்கக் கை போனது, துடைக்கவில்லை.

* விபூதி கேனின் அடியில் படிந்துவிடாதா என்று விஷயம் தெரிந்த வாசகர் கேட்பார். படியும். கோகிலா கேனைக் குலுக்கித்தான் ஊற்றுவாள். இழுவையைக் கூட்டியது விபூதியா தோட்டத்து மண்ணா என்று கேட்டால், எனக்கும் தெரியாது, கோகிலாவுக்கும் தெரியாது. தெரிய வேண்டுமானால் புதுப் பால், புதுத் தாள், பல வாரம் வேண்டும். சஞ்சிகை அதுவரை காத்திருக்காது.

5

முடிவுகளுக்கு வருவோம்.

ஒன்று: கோகிலா வாயைத் திறக்காமல் அனுப்புகிறாள். கட்டுரை வெளியாகிறது. முனியாண்டி காட்டிக்கொடுக்க மாட்டார். எழுதுவதற்கு எளிது, அதனால்தான் எனக்கு இதன்மேல் சந்தேகம்.

இரண்டு: மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்கிறாள். ஜவ்பரின் பெயர் திரும்பி வருகிறது, ஆனால் அது வந்து உட்காரக் கட்டுரை இல்லை. உதவிப்பணமும் நிற்கிறது. கைதட்டுவார்கள். கைதட்டு வாங்கும் முடிவையும் நான் நம்புவதில்லை.

மூன்று: சாம்பலைப் பற்றி மூச்சு விடாமல் ஜவ்பரின் பெயரை மட்டும் திரும்பச் சேர்க்கிறாள். மனசும் ஆறும், கட்டுரையும் போகும். பஸ்ஸில் அந்தப் பெண் செய்துகொண்டிருந்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். அதனால்தான் அழித்து அழித்து அடித்தாள். சாம்பலைக் கண்டுபிடித்தவனின் பெயர், சாம்பலை மறைக்கும் கட்டுரையில் ஏறும். செய்யாத கள்ளத்தனத்துக்கு வெளியே தள்ளப்பட்டவனை, உள்ளே கூப்பிட்டுக் கள்ளனாக்குவது அது.

மூன்றையும் திருப்பிப் படித்தேன். மூன்றிலும் ஒருவரும் ஜவ்பரிடம் கேட்கவில்லை. கோகிலாவும் கேட்கவில்லை, நானும்தான்.

6

நான் ஹங்வெல்லையில் இறங்கினேன். எழுந்தபோதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். நெற்றியில் விபூதி, பாதி கலைந்து. (இந்தக் கதைக்குள் சாம்பல் வந்த வழி அதுதான். வேறு ஆதாரம் என்னிடம் இல்லை.) திரையில் வெயில் அடித்தது. அந்த இடத்தில் பெயர் இருந்ததா இல்லையா தெரியவில்லை. அவள் லேப்டொப்பை மூடிவிட்டு போனை எடுத்தாள்.

என் சீட் இப்போது காலி. நீங்கள் உட்காருங்கள், அவள் சொல்லப்போவதை நீங்கள்தான் கேட்க வேண்டும். போனில் மணி அடிக்கிறது, ஜவ்பர் எடுத்துவிட்டான். இவ்வளவு நாளைக்குப் பிறகும் அந்தக் குரலில் கோபம் இல்லை, அது எனக்கே தாங்கவில்லை.

"சொல்லுங்க கோகிலா."

அவள்