வயிற்றுக்குப் பூக் கேட்டது

என் குடலைத் திரும்ப உள்ளே வைப்பதா, வெளியிலேயே விடுவதா என்பதை ஆஸ்பத்திரியில் பூக் கேட்டுச் சொல்வார்கள். திங்கள், வியாழன் மட்டும்.

பெருங்குடலை நோய் தின்றுவிட்டது. அதை வெட்டி எடுத்து, மிச்சக் குடலின் நுனியை வயிற்றுத் துளை வழியாக வெளியே இழுத்துத் தைத்தார்கள். அதன் மேல் ஒரு பை. எட்டு மாதமாக எல்லாம் பையில்தான்.

நான் முடிவெடுக்காத ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரி வராந்தா ஐம்பது அடி நீண்டது. அன்று நானும் மனைவி தமயந்தியும் காலை ஆறு மணிக்கு நடக்கத் தொடங்கினோம். பத்தரைக்குத்தான் கழிப்பறையே வந்தது.

அதில் ஆரோக்கியசாமி அண்ணன் குடியிருக்கிறார். பக்கத்துக் கட்டில்காரர். குடலை உள்ளே வைத்துக்கொண்டவர். ஒரு நாளைக்கு இருபத்தைந்து தடவை போக வேண்டியிருந்ததால் ரேஷன் கார்டிலும் அந்த விலாசத்தையே போட்டுவிட்டார்.

"எப்படிண்ணே இருக்கு?"

"நல்லா இருக்கேன் தம்பி," என்றார் கதவுக்குள்ளிருந்து. "பை இல்ல பாரு."

அடுத்த கதவில் மாலை தொங்கியது.

"அது?"

"அது உள்ள போட்ட தையல் பிரிஞ்சு போய்ச் சேர்ந்தவங்களுக்கு."

தமயந்தி அந்த மாலையைத் தொட்டுப் பார்த்தாள். பை வந்ததிலிருந்து அவள் தரையில் படுக்கிறாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. அருவருப்பு என்று நானே முடிவு கட்டி, அவமானத்தில் குன்றிக் கிடந்தேன்.

வராந்தாவின் கோடியில் ஆஸ்பத்திரி எழுத்தர் குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் கம்பிக்குக் குங்குமம் வைத்து, அதன் முன்னால் இரண்டு காகிதப் பொட்டலங்களை வைத்தார்.

"ஒண்ணுல நந்தியாவட்டை, ஒண்ணுல செவ்வரளி. வெள்ளை வந்தா உள்ள வச்சிருவோம். சிவப்பு வந்தா அப்படியே விட்டுருவோம். வீட்டுக்காரம்மா எடுக்கணும்."

"நான் எடுக்கக் கூடாதா?"

"நீங்க நோயாளி. இதுல உங்களுக்கு என்ன சம்பந்தம்?"

அவர் டீ குடிக்கப் போனார். தமயந்தி தண்ணீர் பிடிக்கப் போனாள். நான் பொட்டலங்களைப் பிரித்தேன். செவ்வரளியை எடுத்துவிட்டு, எழுத்தரின் பூக்கூடையிலிருந்து இன்னொரு நந்தியாவட்டையை வைத்து மடித்தேன். இப்போது இரண்டும் வெள்ளை. செத்தாலும் சரி, அவள் பக்கத்தில் படுக்க வேண்டும் எனக்கு.

அவள் வந்ததும் பையைக் காலி செய்யப் போனேன். திரும்பியபோது எழுத்தரும் வந்திருந்தார்.

தமயந்தி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். செவ்வரளி.

"இருக்க முடியாது," என்றேன்.

எழுத்தர் மற்றதைப் பிரித்தார். நந்தியாவட்டை.

"அதெப்படி?" என்றாள் தமயந்தி. "நீங்க அந்தப் பக்கம் போனதும் ஒண்ணைப் பிரிச்சுப் பார்த்தேன். வெள்ளையா இருந்துச்சு. எடுத்துட்டுச் சிவப்பை வச்சேன். இன்னொண்ணும் சிவப்புதானே இருக்கணும்?"

"எதுக்கு மாத்தின?"

"நீங்க உசுரோட இருக்கணும். பை இருந்தா என்ன, இருந்துட்டுப் போகுது."



எழுத்தர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் இதைப் பத்திப் பேசிக்கிட்டதே இல்லையா?"

"இல்ல," என்றேன்.

"பேசினவங்களுக்கு வேற கவுன்ட்டர். அங்க பூவெல்லாம் கிடையாது."

"எங்க இருக்கு?" என்றாள் தமயந்தி.

"மூடிட்டாங்க. ஒருத்தரும் வரல."

அவர் பூக்களைத் திரும்ப மடித்து, பொட்டலங்களைக் கலைத்துக் கம்பியின் முன்னால் வைத்தார். "எடுங்கம்மா. டாக்டர் கையுறை போட்டுட்டாரு."

தமயந்தி என் முகத்தைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வதற்காகக் காத்திருந்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

அவள் பொட்டலங்களை நோக்கிக் கையை நீட்டினாள்.