சிவப்புக் கண் பக்கத்து இறக்கை

சென்னை வெயிலில் ஈக்கள் செத்துக்கொண்டே இருந்ததால், 1937 ஜூன் மாதம் செண்பகவல்லி நாற்பது பால் புட்டிகளோடு தென்காசிக்கு ரயிலேறினாள். பெண்கள் கல்லூரி ஒன்றில் விலங்கியல் ஆசிரியை அவள். புட்டிகளில் இருந்தவை எள்ளளவுப் பழ ஈக்கள். ஆண் ஈ பெண் ஈயைச் சுற்றி வந்து ஒற்றை இறக்கையை விரித்து நடுக்கும். பெண் ஈ அப்படிச் செய்வதில்லை. யாரும் சொல்லித்தராத இந்த வித்தை பிறப்பிலேயே உடம்பின் எந்த இடத்தில் வந்து தங்குகிறது? அதுதான் அவளுடைய கேள்வி.

ஐந்தருவி போகும் சாலையில் ஓர் அறை எடுத்தாள். சாரல் ஜன்னல் வழியே புகைபோல உள்ளே வந்து தாள்களையும் கூந்தலையும் ஈரமாக்கியது. அறையெங்கும் கனிந்த வாழைப்பழ மணம். காலையிலிருந்து லென்ஸில் கண் வைத்திருந்தால், தூரத்து அருவிச் சத்தம் அந்தச் சின்ன இறக்கைகளிலிருந்து வருவதாகவே தோன்றும்.

ஆடி பிறந்த வாரத்தில் ஒரு புட்டியில் அந்த ஈ பிறந்தது. இடப்பாதி பெண், வலப்பாதி ஆண். பெண் பக்கத்துக் கண் சிவப்பு, ஆண் பக்கத்துக் கண் வெள்ளை. அதை ஒரு பெண் ஈயோடு கண்ணாடிக் குழாயில் விட்டாள். அது செய்ததைப் பார்த்ததும் அவளுக்குத் தன் கண்மீதே நம்பிக்கை போயிற்று. இன்னொருவர் பார்க்க வேண்டும். அருவிக்கரையில் பழக்கடை வைத்திருந்த குருவம்மாளைக் கூப்பிட்டு வந்தாள்.

"என்னத்தப் பாக்கணும் டீச்சரம்மா?"

"அதச் சொல்ல மாட்டேன் அக்கா. நீங்க பாக்குதத மட்டும் சொல்லுங்க."

குருவம்மாள் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தாள். ஓர் ஈ சும்மா நிற்பதாகவும், இரண்டு நிறக் கண்ணுள்ளது அதைச் சுற்றி வருவதாகவும் சொன்னாள். பிறகு லென்ஸில் கண்ணை இன்னும் ஒட்டி வைத்தாள்.

"ஒரு ரெக்கைய விரிச்சு நடுக்குது."

"எந்த ரெக்கை?"

"செவப்புக் கண்ணு பக்கத்து ரெக்கை."

செண்பகவல்லி பார்த்ததும் அதுவேதான். பெண் இறக்கை, ஆணின் ஆட்டம். அப்படியானால் ஆட்டம் இறக்கையில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது. அவள் விளக்கியதைக் குருவம்மாள் பொறுமையாகக் கேட்டாள்.

"தான் பாதிப் பாதின்னு அதுக்குத் தெரியுமா?"

"தெரியாதுன்னுதான் நெனைக்கேன்."

"அப்ப நல்லதுதான்."

மறுநாள் சாயங்காலம் ஈ செத்துப்போயிற்று. செண்பகவல்லி குடையை எடுக்காமலே அருவிக்குப் போய், பெண்கள் பக்கம் வெகுநேரம் நனைந்தபடி நின்றாள்.

விஞ்ஞான இதழ் ஒன்றுக்கு அவள் எழுதிய குறிப்பில் குருவம்மாளைச் சாட்சியாகக் காட்டியிருந்தாள். பழக்காரியின் பெயர் விஞ்ஞானத்துக்கு ஆகாது, அடித்துவிடுங்கள் என்று இதழை நடத்திய பேராசிரியர் எழுதினார். அப்படியானால் என் பெயரையும் அடித்துவிடுங்கள் என்று இவள் பதில் போட்டாள். குறிப்பு எட்டு மாதம் அவர் மேசையில் கிடந்து, கடைசியில் இரண்டு பெயர்களோடும் அச்சாயிற்று.

அடுத்த சாரலில் அதைக் குருவம்மாளுக்குத் தமிழில் படித்துக் காட்டினாள். தன் பெயர் வந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள் குருவம்மாள்.

"அது செத்தத எழுதலியா?"

"இல்ல அக்கா."

"எழுதாண்டாம்," என்றாள் அவள். கடைக்கு ஆள் வந்திருந்ததால் எழுந்து போனாள்.