ஒத்தப் பைசா செலவில்லாத உருளைக்கிழங்கு

மழை பிடித்துக்கொண்டால் பெயிண்டருக்கு வேலை கிடையாது. ஈரச் சுவரில் பெயிண்ட் நிற்காது. அந்த வருடம் மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டே இருந்தது. மனைவி தையல் கடைக்குப் போன பிறகு வீட்டில் அவனும் மாமியாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாமியாருக்கு ஒரு கண்ணில் புரை விழுந்திருந்ததால் அவர் பாதி முகத்தைத்தான் பார்த்தார்.

அப்படி ஒரு நாள், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே எல்லோரும் மறந்துபோன கூடையில் உருளைக்கிழங்குகள் முளைவிட்டிருப்பதைக் கண்டான். தூக்கிப் போடத்தான் எடுத்தான். ஊதா நிறத்தில் குட்டிக் குட்டியாக நீட்டிக்கொண்டிருந்த முளைகளைப் பார்த்ததும் கை வரவில்லை.

“அத்தை, இது உயிரோட இருக்கு.”

“அப்ப அடுப்புல போடாதீங்க மாப்பிள்ளை, பாவம்.”

அவ்வளவுதான். மறுநாளே அவன் விவசாயி ஆகிவிட்டான்.

மாடிப்படிக்குக் கீழே காலி பெயிண்ட் வாளிகள் குவிந்து கிடந்தன. “ஒண்ணு அதுங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்” என்று மனைவி அடிக்கடி கறுவும் வாளிகள். அவற்றைத் தேய்த்துக் கழுவி, ஸ்க்ரூடிரைவரை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி அடியில் ஓட்டை போட்டான். மளிகைக் கடைக்காரரிடம் கெஞ்சி ஒரு பெரிய அரிசிச் சாக்கு வாங்கிவந்தான். டீக்கடையில் கொட்டுகிற தேயிலைச் சக்கை, தெருவில் கூட்டிக் குவித்த சருகு, வீடு கட்டக் கடைக்கால் தோண்டிய இடத்திலிருந்து மண். எல்லாம் இனாம். அந்த மண்ணை மூன்றாவது மாடிக்கு மேலே இருந்த மொட்டை மாடிக்கு ஏற்றும் பொறுப்பு, கூரியர் கம்பெனியில் வேலை பார்க்கும் மச்சான் தலையில் விழுந்தது.

“மாமா, நான் டெலிவரி பண்ற எதுவும் இவ்ளோ கனம் இருந்ததில்ல. கீழயே விவசாயம் பண்ணக் கூடாதா?”

“கீழ வெயில் வராதுடா. தூக்கு, தூக்கு.”

துண்டுக்கு ஒரு முளையாவது இருக்கும்படி கிழங்குகளைக் கண் பார்த்து வெட்டி, வெட்டிய பக்கம் காயும்வரை நிழலில் வைத்துவிட்டு, வாளிகளிலும் சாக்கிலும் நட்டான். சாக்கைப் பாதிக்கும் கீழே சுருட்டி வைத்திருந்தான். செடி ஒரு சாண் வளர்ந்ததும் நுனி இலைகள் மட்டும் தெரியும்படி மண் அணைத்து, சாக்கை ஒரு சுற்று மேலே இழுத்துவிடுவான். மறுபடி வளரும், மறுபடி மண், மறுபடி ஒரு சுற்று.

“ஸ்கூல் பிள்ளைக்கு பேண்ட் மடிப்பைப் பிரிச்சு விடற மாதிரியே இருக்கு” என்றாள் மனைவி. தையல்காரி வாயில் வேறென்ன வரும்?

மழை விட்டு வேலை தொடங்கிய பிறகும் பெயிண்டருக்கு வாய் ஓயவில்லை. ஏணியில் நின்றுகொண்டு உருளைக்கிழங்கு, கீழே இறங்கினால் உருளைக்கிழங்கு. “ஒத்தப் பைசா செலவில்லைங்க!” என்று எல்லோரிடமும் சொன்னான். செடியில் வெள்ளைப் பூ வந்த அன்று கீழ்வீட்டு டீச்சரைக் கையோடு மேலே கூட்டிப் போய்க் காட்டினான். அதோடு விட்டானா? அறுவடைக்கு ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்து, “நீங்கதான் டீச்சர் சீஃப் கெஸ்ட்டு” என்றும் சொல்லிவைத்தான்.

அந்த ஞாயிறு நெருங்கி வந்தபோதுதான் செடிகள் காலை வாரின. முதலில் வாளிச் செடிகள் மஞ்சளாகிப் படுத்தன. அடுத்து சாக்குச் செடியும் தலையைத் தொங்கப்போட்டது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தான். நிழலுக்கு இழுத்துப் பார்த்தான். எழுந்திருக்கிற வழியாக இல்லை. செடியே செத்த பிறகு கிழங்கு எங்கிருந்து வரும்? மண்ணுக்குள் கையை விட்டுத் தேடிப் பார்க்கும் தைரியம் அவனுக்கு வரவில்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சாக்கின் பக்கத்திலேயே துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தான்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும்போது காய்கறிக் கடைப் பக்கம் கால் தானாக இழுத்தது. அங்கே சிவப்புத் தோல் கிழங்குதான் இருந்தது. அவன் நட்டதோ வெள்ளை. பரவாயில்லை, மண்ணுக்குள் கிடந்தால் யாருக்குத் தெரியும் என்று வாங்கிக்கொண்டு நேரே மாடிக்குப் போய், சாக்கின் ஓரமாக அவற்றைப் புதைத்துவிட்டுப் பூனை மாதிரி இறங்கி வந்தான்.

ஞாயிறு காலை எல்லோரும் மாடியில் கூடினார்கள். மாமியார் நாற்காலியில். டீச்சர் நல்ல புடவையில். மச்சான் பழைய பெட்ஷீட்டை விரிக்க, பெயிண்டர் சாக்கை அதன்மேல் கொஞ்சம் சாய்த்தான்.

முதலில் உருண்டு வந்தவை சிவப்புக் கிழங்குகள்.

“அட, வந்துருச்சே!” என்று கத்தினான். நடிப்பு கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

“என்னங்க செவப்பா இருக்கு? நாம வெச்சது வெள்ளையில்ல?” என்றாள் மனைவி.

“மண்ணு மாறினா நிறம் மாறும்டி.”

சாக்கை இன்னும் கொஞ்சம் சாய்த்தான். கைக்கு அடங்காத பெரிய கிழங்குகள் நான்கு விழுந்தன. கழுவித் துடைத்ததுபோல் பளபளத்தன. ஒன்றின்மேல் கடை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பெயிண்டர் திகைத்துப்போய் மனைவியைப் பார்த்தான். அவள் வானத்தில் ஏதோ பறவையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அடுத்து வந்தது ஒரு வலைப்பை. உள்ளே கிழங்குகள், வாய் கட்டியபடியே.

“வலையோடயே காய்ச்சிருக்கு” என்றார் டீச்சர் நிதானமாக.

மச்சானுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது.

கடைசியாக, நீளமாக, இரு முனையும் கூராக ஒன்று நழுவி விழுந்தது. டீச்சர் அதை எடுத்துக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். “இது சர்க்கரைவள்ளியாச்சே.”

“சர்க்கரைவள்ளியா?” மாமியார் நாற்காலியில் நிமிர்ந்தார். “பாவிப்பய! நல்ல உருளைக்கிழங்கா குடுன்னுதான கடைக்காரன்கிட்ட கேட்டேன்!”

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டார்.

முதலில் டீச்சர்தான் ‘களுக்’ என்றார். அப்புறம் யார் யாரைப் பிடித்து நிறுத்துவது? மச்சான் தரையில் உட்கார்ந்தே விட்டான். மனைவிக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தது.

“நீங்க சாப்பிடாம கெடந்தீங்க... மனசு கேக்கல... அதான்...” விக்கலுக்கு நடுவே சொன்னாள். “ஆனா இந்தச் செவப்பு யாரோடது?”

பெயிண்டர் மெல்லக் கையைத் தூக்கினான்.

“மாமா!” மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினான். “ஒத்தப் பைசா செலவில்லாத விவசாயத்துக்கு நாலு பேரு கடைக்குப் போயிருக்கோம்!”

பெயிண்டரும் சிரித்தான். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு ஓரத்தில் வலித்தது. மிச்ச மண்ணையாவது பத்திரப்படுத்துவோம் என்று சாக்கை முழுதாகக் கவிழ்த்தான். மண் கட்டி உடைந்தது. மனைவி குனிந்தாள்.

“என்னங்க, இங்க வாங்க.”

வேரின் நுனியில், நூல்போன்ற இழையில் தொங்கிக்கொண்டு, கோழிமுட்டை அளவில் ஒரு வெள்ளைக் கிழங்கு. அவன் தொட்டான். கட்டைவிரல் பட்ட இடத்தில் தோல் மெல்லிய தாள்போல் உரிந்தது. எந்தக் கடையிலும் அப்படி ஒரு கிழங்கு கிடையாது. பக்கத்தில் இன்னொன்று. அதற்குக் கீழே மூன்று. மாமியார் நாற்காலியிலிருந்தே எட்டிப் பார்க்க, மற்ற நான்கு பேரும் முழங்கால் போட்டு மண்ணைக் கிளறத் தொடங்கினார்கள். டீச்சரின் நல்ல புடவையைப் பற்றி டீச்சருக்கே கவலையில்லை.

“வாளி! வாளியில யாராவது எதையாவது வெச்சீங்களா?” பெயிண்டர் குரல் கிறீச்சிட்டது.

யாரும் வைக்கவில்லை. முதலில் செத்ததென்று வாளிகளை எல்லோரும் கைவிட்டிருந்தார்கள். அவன் ஒரு வாளியைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினான். வாளி வடிவத்திலேயே மண் இறங்கியது. சுற்றிலும் வெள்ளை வெள்ளையாகக் கிழங்குகள் பிதுங்கிக்கொண்டு நின்றன. “அப்ப செடி சாகல, கிழங்கு முத்தினதாலதான் காஞ்சிருக்கு” என்றார் டீச்சர்.

“அய்யோ அத்தை! அய்யோ அத்தை!” என்பதைத் தவிர அவனுக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. மாமியாரை நாற்காலியோடு தூக்கிச் சுற்றினான்.

“எறக்குங்க மாப்பிள்ளை, தல சுத்துது!” என்று கத்திய மாமியார், இறக்கியதும், “அடுத்த வாளியையும் கவுருங்க, பாப்போம்” என்றார். கவிழ்த்தான். மறுபடியும் தூக்கிச் சுற்றினான்.

கீழே வந்ததும் வாளிக் கிழங்குகளைத் தனியாகக் கழுவி, தோலோடு, உப்புப் போட்டு அடுப்பில் ஏற்றினாள் மனைவி. வேகும்வரை தட்டோடு உட்கார்ந்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. ஐந்து பேரும் அடுப்பைச் சுற்றி நின்று, கொதிக்கக் கொதிக்க எடுத்து, கைக்குக் கை மாற்றி ஊதி, வெண்ணெயில் தொட்டு வாயில் போட்டார்கள். நாக்கு சுட்டது. யாரும் நிறுத்தவில்லை. மனைவி வாய் நிறையக் கிழங்கோடு கணவனிடம் என்னவோ சொன்னாள். ஒரு எழுத்துகூட யாருக்கும் புரியவில்லை. அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள்.