ஹேட்டி யாரிடம் படித்தாள்

லினெட்டின் வீட்டுக்குள் கால் வைத்தாலே ஜெனலுக்கு வயிறு எரியும். வியாழக்கிழமைதோறும் மூன்று மணிக்கு, மகள் ஹேட்டியைக் கூட்டிப்போக வரும்போதெல்லாம் தவறாமல் எரிந்தது.

பென்சில்வேனியாவின் அந்தச் சிற்றூரில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் அம்மாக்கள் இருபது பேராவது இருந்தார்கள். ஒருவருக்கொருவர் ஒத்தாசை செய்வார்கள், ஒருவர் வீட்டுச் சுவரை இன்னொருவர் நோட்டமும் விடுவார்கள். லினெட்டும் ஜெனலும் மூன்று வருடமாக ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை லினெட்டின் மூன்று பிள்ளைகளும் ஜெனலிடம் கணக்குப் போட வருவார்கள். வியாழக்கிழமை ஹேட்டி லினெட் வீட்டுக்குக் கைவேலைக்கும் அறிவியலுக்கும் போவாள்.

லினெட் வீட்டுச் சுவரைப் பார்த்தால் யாருக்கும் பற்றிக்கொண்டுதான் வரும். உப்பையும் மாவையும் பிசைந்து செய்து வண்ணம் பூசிய ஆறுகளின் வரைபடம். தேனீயைப் பற்றி ஓர் அட்டைப் புத்தகம், திறக்கத் திறக்க உள்ளே குட்டிக் கதவுகள். ஜன்னலோரம் கண்ணாடிப் புட்டியில் தலைப்பிரட்டைகள், அவற்றுக்குக் கால் முளைத்த தேதிகூடப் பக்கத்தில் குறித்திருக்கும். இத்தனை செய்கிறவளின் மேஜைவிரிப்பில் ஒரு பொட்டு பசைக் கறை இருக்காது. ஜெனல் வீட்டிலோ நாற்காலியில் உட்கார்ந்தால் பாவாடையோடு நாற்காலியும் கூட வரும்.

அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது மேபல். லினெட்டின் கடைக்குட்டி, ஆறு வயது. சோபாவில் குப்புறப் படுத்துக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டு, வீட்டு நாய்க்குக் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டுவாள். ஹேட்டிக்கு எட்டு வயது ஆகப்போகிறது. அவளுக்கு இன்னும் வாசிக்க வரவில்லை.

தினமும் காலை ஒன்பது மணிக்கு ஜெனல் பாலபாடப் புத்தகத்தைத் திறப்பாள். மூன்றாவது வரியில் ஹேட்டி தடுமாறுவாள், நாலாவது வரியில் ஜெனலின் குரல் ஏறும், ஐந்தாவது வரியைத் தாண்டி அவர்கள் போனதே கிடையாது. ஹேட்டி அழுதுகொண்டு கோழிக்கூண்டுக்குப் போய்விடுவாள். ஜெனலும் அழுவாள், ஆனால் அடுப்படியில், யாருக்கும் தெரியாமல்.

கணவன் டெரெக் கோபக்காரன் இல்லை. அதனால்தான் அவன் சொன்னது பயமாக இருந்தது. "ஜூன்ல மிஸஸ் கிரேபில் பாப்பாங்க இல்ல? அவங்க 'படிக்க வரல'ன்னு எழுதிட்டா, செப்டம்பர்ல பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிடலாம் ஜெனல். உன்னைக் குத்தம் சொல்லல. ரெண்டு பேரும் தினம் அழறீங்க, அவ்வளவுதான்."

மிஸஸ் கிரேபில் ஓய்வுபெற்ற ஆசிரியை. வருட முடிவில் ஒரு ஆசிரியர் பிள்ளையோடு பேசிப் பார்த்து, வருடம் முழுக்கச் செய்த வேலைகள் அடங்கிய கோப்பைப் புரட்டிப் பார்த்து, ஒரு கடிதம் எழுதித் தரவேண்டும் என்பது அந்த மாநிலத்துச் சட்டம். ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு அவர்தான் எழுதினார். ஜெனலுக்கு ஒரே ஆசை, ஹேட்டி தன்னோடு வீட்டில் இருக்கவேண்டும். அந்த ஆசை மிஸஸ் கிரேபிலின் பேனா முனையில் தொங்கிக்கொண்டிருந்தது.

முன்பெல்லாம் வியாழக்கிழமை வண்டியில் ஏறியதும் ஹேட்டி ஓயாமல் பேசுவாள். மிஸ் லினெட் இதைச் செய்தாங்க, மிஸ் லினெட் அதைச் சொன்னாங்க. "மிஸ் லினெட்டுக்கு வேற வேலை இல்லை போல," என்பாள் ஜெனல். இல்லாவிட்டால் "ம்" என்பாள், அந்த ஒற்றை எழுத்தில் வேண்டிய அளவு விஷம் இருக்கும். ஜனவரியிலிருந்து ஹேட்டி அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். அங்கே அவளுக்குச் சலித்துவிட்டது என்று ஜெனல் நினைத்தாள். உள்ளூரச் சந்தோஷமும் பட்டாள்.

மே மாதக் கடைசி வியாழன், வாசலில் லினெட் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கென்னடி கவலை இந்த வருஷம்? ஹேட்டி படிப்புல எங்கேயோ போயிட்டா. என் நடுப்பிள்ளை இன்னும் தத்தளிக்குது."

ஜெனலுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. என்ன நக்கல் பார் இவளுக்கு என்று நினைத்தாள். "கவலையே இல்லாத வீடு உன்னோடதுதான் லினெட். பாத்தாலே தெரியுதே," என்றாள்.

லினெட் புரியாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் சேர்ந்துதான் எரிந்தது. வண்டி தெருமுனை திரும்புவதற்குள் ஜெனல் சொல்லிவிட்டாள். "அடுத்த வாரத்துலேர்ந்து வியாழக்கிழமையும் நாம வீட்டுலயே இருப்போம்."

ஹேட்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீடு வரைக்கும் திரும்பவே இல்லை.

அடுத்த வாரம் ஜெனல் மிஸஸ் கிரேபிலுக்குக் காட்டவேண்டிய கோப்பை எடுத்து வைத்து உட்கார்ந்தாள். கணக்குத் தாள்கள் ஏராளம். பாத்திரம் கழுவியதையெல்லாம்கூட வாழ்க்கைக் கல்வி என்று எழுதி, அழகாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்தாள். வாசிப்பு, எழுத்து என்று தலைப்பிட்ட பகுதி மட்டும் காலி. மேபலின் கோப்பு எவ்வளவு தடிமனாக இருக்கும் என்று யோசித்தாள். யோசிக்க யோசிக்க உள்ளே புகைந்தது. பென்சிலை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். கோணல்மாணலாக மூன்று பக்கம் எழுதினாள். ஓடையில் பார்த்த கொக்கு, பாட்டி ஊருக்குப் போன பயணம், முதல் பனி. நடுவில் வேண்டுமென்றே இரண்டு தப்பும் விட்டாள்.

ஹேட்டி முட்டைக் கூடையோடு உள்ளே வந்தவள் அந்தத் தாளைப் பார்த்தாள். "இது யாரும்மா எழுதினது?"

"நீதான். ஜனவரியில எழுதினே. மறந்துட்டியா?"

ஹேட்டி தாளைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். "ஆமா, நான்தான்," என்று சொல்லிவிட்டுக் கூடையைக் கீழே வைத்தாள்.

ஜூன் பதினாறாம் தேதி காலை, மிஸஸ் கிரேபிலின் சாப்பாட்டு மேஜையில் மூவரும் உட்கார்ந்தார்கள். அவர் கோப்பைப் புரட்டினார். அந்த மூன்று பக்கங்களில் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். பிறகு ஒரு நீர்நாயைப் பற்றிய கதைப் புத்தகத்தை எடுத்து ஹேட்டி முன்னால் வைத்தார். "எங்கே, உனக்குப் பிடிச்ச பக்கம் ஒண்ணு படி கண்ணு."

போயிற்று என்று நினைத்தாள் ஜெனல். மஞ்சள் பள்ளிக்கூட பஸ் வாசலில் வந்து நிற்பதே கண்ணில் தெரிந்தது.

ஹேட்டி முதலில் அம்மாவைத்தான் பார்த்தாள். ஜெனல் எப்படியோ ஒரு சிரிப்பை வரவழைத்தாள். ஹேட்டி குனிந்து படிக்கத் தொடங்கினாள். நிதானமாக, தெளிவாக, ஒரு பக்கம் முழுக்க. ஓர் இடத்தில் தடுக்கியது, திரும்பிப்போய்ச் சரிசெய்துகொண்டாள். நீர்நாய் வழுக்கி விழுந்த இடத்தில் தானே சிரித்தாள்.

ஜெனலுக்குக் கண் நிறைந்தது. தன் பெண்ணின் குரலில் வாக்கியங்கள் வருவதை அவள் அதுவரை கேட்டதில்லை. ஹேட்டி பக்கத்தைத் திருப்புவதற்கு முன் ஒரு கணம் நிறுத்தி, கண்ணை உயர்த்தி எதிரே இருப்பவரைப் பார்த்தாள். அதைப் பார்த்ததும் ஜெனலின் சந்தோஷம் அப்படியே திரிந்துபோயிற்று. லினெட் பிள்ளைகளுக்கு அப்படித்தான் படித்துக் காட்டுவாள். அந்த நிறுத்தமும் அந்தப் பார்வையும் அச்சு அசல் லினெட்.

"அருமையா படிக்கிறியே. யாரு சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார் மிஸஸ் கிரேபில்.

ஹேட்டி கோப்பைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். "அம்மாதான்."

"நல்லா உழைச்சிருக்கீங்க," என்றார் மிஸஸ் கிரேபில், ஜெனலிடம்.

மூன்று வருடமாக இந்த ஒரு வார்த்தைக்காக ஏங்கியவள் ஜெனல். "தினம் காலைல ஒன்பது மணிக்கு உக்காந்துடுவோம்," என்றாள். பொய் இல்லை, ஒவ்வொரு சொல்லும் உண்மை. சொல்லும்போது வாய் இனித்தது, வெட்கமாகவும் இருந்தது.

கடிதத்தை எழுதி அன்றே தபாலில் போடுவதாக மிஸஸ் கிரேபில் சொன்னார். வெளியே வந்து வண்டியில் ஏறினார்கள். ஹேட்டி பெல்ட்டைப் போட்டுக்கொண்டே கேட்டாள். "சரியா சொன்னேனாம்மா?"

"எதை?"

"நீ சொல்லிக் கொடுத்தேன்னு. அந்தப் பக்கமெல்லாம் நான் எழுதினதுன்னு சொன்னே இல்ல? அது மாதிரி."

ஜெனல் சாவியைத் திருப்பவில்லை. "எப்பலேர்ந்து படிக்கிறே?"

"பனி இருந்தப்போலேர்ந்து."

"காலைல என்கூட உக்காரும்போது வரலையே?"

"அப்ப நிஜமாவே வராதும்மா. நீ கோவமா பக்கத்துல இருந்தா எல்லாம் மறந்துடும்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"மிஸ் லினெட் பேரைச் சொன்னா உன் முகம் ஒரு மாதிரி ஆயிடும்," என்றாள் ஹேட்டி, மழை வந்தால் தரை நனையும் என்கிற மாதிரி சாதாரணமாக.

லினெட் வாசலில் சொன்னது நக்கல் இல்லை என்பது அப்போதுதான் ஜெனலுக்கு உறைத்தது. அவள் நிஜமாகவே பாராட்டியிருக்கிறாள். வீட்டில் ஜெனலும் சேர்ந்து சொல்லிக்கொடுக்கிறாள் என்றுகூட நினைத்திருக்கலாம். இது தெரிந்த பிறகாவது எரிச்சல் அடங்கியதா என்றால், இல்லை. இன்னும் கூடியது. அவள் பீற்றிக்கொள்கிறவளாக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் போயிற்று. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து, பொய்யைச் சரியாகச் சொன்னேனா என்று கேட்கிற பெண்ணை அந்த எரிச்சலுக்காக அப்படியே விட்டுவிட முடியாது.

"தப்பா சொன்னே," என்றாள் ஜெனல். "நான்தான் உனக்குத் தப்பா பழக்கிட்டேன். இறங்கு."

திரும்ப உள்ளே போனபோது மிஸஸ் கிரேபில் கடிதத்தைப் பாதி எழுதியிருந்தார். ஜெனல் கோப்பைத் திறந்து அந்த மூன்று தாளையும் உருவினாள். "இதெல்லாம் நான் எழுதினது. இடது கையால."

"ரெண்டு தடவை பாத்தேன். சந்தேகமாத்தான் இருந்துச்சு," என்றார் அவர். தாள்களை வாங்கி நாலாக மடித்தார். "இந்தத் தில்லுமுல்லு இனிமே வேண்டாம். பொண்ணு படிச்சதை நான் காதால கேட்டேன், அது போதும். வேற ஏதாவது?"

"முன்ன கேட்டீங்களே, அதை அவகிட்ட இன்னொரு தடவை கேளுங்க."

மிஸஸ் கிரேபில் பேனாவைக் கீழே வைத்தார். "யாரு கண்ணு உனக்குப் படிக்கச் சொல்லிக் கொடுத்தது?"

ஹேட்டி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அனுமதி கேட்கிற பார்வை. ஜெனல் தலையசைத்தாள். அந்த ஒரு அசைவுக்கு அவளுக்குக் கழுத்தெல்லாம் வலித்தது.

"மிஸ் லினெட்," என்றாள் ஹேட்டி.

அவ்வளவுதான், அணை உடைந்துவிட்டது. "நான் எங்க செவப்புக் கோழியைப் பத்திக் கதை சொன்னேனா, அவங்க நான் சொன்னதை அப்படியே எழுதினாங்க, நூல் போட்டுத் தெச்சோம், நான் படம் போட்டேன். என் கதைங்கறதால எனக்குப் படிக்க வந்துடுச்சு. அப்புறம் இன்னொண்ணு. மொத்தம் பதினோரு புத்தகம். மிஸ் லினெட் ஒரு தடவைகூட அவசரப்படுத்த மாட்டாங்க. மிஸ் லினெட் என்ன சொல்வாங்கன்னா..."

கன்னம் சிவந்து, கை இரண்டும் ஆட, மூச்சு வாங்காமல் பேசினாள். ஐந்து மாதமாக அம்மாவுக்காக அடக்கி வைத்திருந்த சந்தோஷம் அத்தனையும் வெளியே வந்துகொண்டிருந்தது. அந்த முகத்தைத் தன் வீட்டில் ஒரு நாளும் பார்த்ததில்லை என்பது ஜெனலுக்குத் தெரிந்தது. முடிகிற வரைக்கும் கேட்போம் என்று அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.