கடைசி இரண்டு நிமிடம்

"கட்டிப் பிடிச்சவ களத்துல நிப்பா, பிடிபட்ட நான் பெஞ்சுல உக்காரணும்னா..."

"விதியில அப்படித்தான்..."

"அது என்னங்க விதி? அதை எழுதினவங்க பந்தைத் தொட்டிருக்காங்களா?"

"என்னைக் கொஞ்சம் பேசி முடிக்க விடறியா?"

"நீங்க பேசி முடிக்கறதுக்குள்ள எனக்கு வேலைக்கு நேரமாயிடும்."

கணவரின் கை தானாக மேலே போனது, ஆட்டத்தை நிறுத்துகிற சைகையில். பன்னிரண்டு வருடமாகக் கூடைப்பந்து நடுவராக இருப்பவருக்கு வீட்டுச் சண்டையிலும் அந்தக் கை அடங்காது. அவள் அதைச் சட்டை செய்யாமல் ஷூ லேஸைக் கட்டினாள்.

அவள் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை செய்கிறவள். உயரத்துக்காக எல்லோரும் வைத்த பெயர் ஏணி. வேலையிடங்களின் பெண்கள் அணிகள் மோதும் போட்டியில், கூடைக்கு அடியில் அவள் நின்றால் எதிரணிக்குக் காற்றுகூடப் புகாது. ஒரே குறை, ஃப்ரீ த்ரோ. ஃபவுல் செய்யப்பட்டவள் கோட்டில் தனியாக நின்று எறிய வேண்டும். அவள் எறிகிற பத்தில் எட்டு, வளையத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தொடும். கணவர் கண்ணை இறுக மூடிக்கொள்வார்.

இதை மற்ற அணிகள் மோப்பம் பிடித்துவிட்டன. தோற்கிற நிலை வந்தால், பந்து எங்கேயோ இருக்க, ஒருத்தி ஓடிவந்து இவளைக் கட்டிக்கொள்வாள். இவள் எறிவாள், தவறும், பந்து அவர்கள் கைக்குப் போகும். அதனால் கடைசி இரண்டு நிமிடத்தில் கோச் இவளை வெளியே எடுத்துவிடுவாள். கோச் வேறு யாருமில்லை, கணவரின் அக்கா. நாத்தனார் கொடுமையை நிமிடக் கணக்கில் அனுபவிப்பவள் தான் ஒருத்திதான் என்று ஏணி சொல்லிச் சிரிப்பாள். ஆனால் மூன்று வருடமாக ஒரு ஆட்டத்தின் முடிவையும் களத்தில் நின்று பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி.

அதற்கு முன் வியாழக்கிழமை போட்டியின் விதிக் குழு கூடுகிறது. கடைசி இரண்டு நிமிடத்தில் பந்தில்லாதவளைப் பிடித்தால், களத்தில் இருக்கும் ஐவரில் யார் எறிவது என்பதை பாதிக்கப்பட்ட அணியே முடிவு செய்யலாம், எறிந்த பிறகு பந்தும் அவர்களுக்கே என்று ஒரு திருத்தம். இரண்டு பேர் சரி என்கிறார்கள், இரண்டு பேர் வேண்டாம் என்கிறார்கள். ஐந்தாவது கை கணவருடையது.

"நான் கை தூக்கினா, பெண்டாட்டிக்காகத் தூக்கினான்னு நாலு பேர் நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசுவாங்க," என்றார்.

"போன ஆட்டத்துல பஸ் டிப்போ பொண்ணு என்னைப் பிடிக்கறதுக்கு முன்னாடி என்ன சொன்னா? உங்க காதுல விழுந்துச்சா இல்லையா?"

விழுந்திருந்தது. மன்னிச்சுக்கோங்கக்கா, கோச் சொல்லிட்டாங்க என்றுதான் அந்தப் பெண் சொன்னாள். மன்னிப்புக் கேட்டுவிட்டே செய்த தப்புக்கும் சாதாரண ஃபவுல் என்றுதான் அவர் விசில் ஊத வேண்டியிருந்தது. டிபன் டப்பாவை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

வியாழன் மாலை ஏணி அழுக்குப் படுக்கை விரிப்புகளை மூட்டையாகச் சுருட்டி, முழங்காலுக்குக் கீழிருந்து இரு கையாலும் வீசி, தூரத்துத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மூட்டையும் தரையில் விழாது. ஒரு தடவை பந்தையும் அப்படியே எறிந்து பார்த்தாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்ததில் அதோடு விட்டுவிட்டாள்.

நாத்தனார் மூச்சிரைக்க வந்தாள். திருத்தம் நிறைவேறிவிட்டது. தம்பி கை தூக்கினான், தூக்கின கையோடு இறுதிப் போட்டிக்கு வேறு நடுவரைப் போடச் சொல்லிவிட்டான் என்றாள்.

ஏணிக்கு மூட்டை கையிலேயே நின்றது. பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக அவருக்குக் கிடைத்த இறுதிப் போட்டி அது.

வீட்டுக்குப் போனதும் பிடித்துக்கொண்டாள். "யாரைக் கேட்டு விட்டுக் குடுத்தீங்க?"

"விதியை மாத்தினவனே விசிலையும் ஊதினா, நீ ஜெயிச்சாலும் யாரும் நம்ப மாட்டாங்க," என்றார். "எனக்கு அடுத்த வருஷம் இருக்கு."

ஞாயிறு. எதிரணி அதே டிப்போதான். இரண்டு நிமிடம் இருக்கையில் ஏணி பழக்க தோஷத்தில் தானாகவே பெஞ்சைப் பார்த்து நடந்தாள். நாத்தனார் அவள் தோளைப் பிடித்துத் திருப்பி, களத்தைப் பார்த்துத் தள்ளினாள்.

நாற்பது விநாடி பாக்கி. ஏணியின் அணிக்கு மூன்று புள்ளி முன்னிலை. டிப்போ பெண்ணுக்குப் பழைய வழக்கம் விடவில்லை போலிருக்கிறது, ஓடிவந்து கட்டிக்கொண்டாள். விசில் ஊதிய பிறகுதான் அவளுக்குப் புது விதி நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். புது நடுவர், யார் எறிவது என்று கேட்டார். நாத்தனார், குறி தப்பாத சின்னப் பெண்ணைக் கை காட்டப் போனாள். அதற்குள் ஏணி பந்தை வாங்கிக்கொண்டு கோட்டுக்குப் போய்விட்டாள்.

காலை அகட்டி நின்று, பந்தை முழங்காலுக்குக் கீழே இறக்கினாள். எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பியது. பார்வையாளர் வரிசையில், கழுத்தில் விசில் இல்லாமல், கணவரின் இமைகள் இறங்கத் தொடங்குவது தெரிந்தது.

"ஏங்க, இந்தத் தடவை கண்ணை மூடாதீங்க. இது நானா கேட்டு வாங்கினது."